அரசனான கார்ல், ஒட்டகமான யானை

சார்லமேன் என்று நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த பேரரசர் 814ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று ஆகன் நகரில் இறந்தார். இயற்பெயர் கார்ல். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் கட்டியாண்டவர். கிழக்கே எல்பா ஆற்றைத் தாண்டிப் படை நடத்தி, அங்கிருந்த சில ஸ்லாவிய இனக்குழுக்களைத் திறை கட்ட வைத்தார். அதற்கும் வெகுதூரம் அப்பால், இன்றைய ரஷ்யா இருக்கும் நிலத்தில், அவர் படையின் குதிரைக் குளம்பு ஒருநாளும் பட்டதில்லை. ஆனாலும் அரசனை ரஷ்ய மொழியில் 'கொரோல்' என்கிறார்கள். போலிஷில் 'க்ருல்', செக்கில் 'க்ரால்', செர்பியத்தில் 'க்ரல்'. எல்லாம் கார்ல்தான். ஓர் ஆளின் பெயர் பதவியின் பெயராகிவிட்டது. ரோமாபுரி சீசருக்கும் இதே கதைதான்: ரஷ்யப் பேரரசரைக் குறிக்க நாம் எழுதும் 'ஜார்', சீசர் என்ற பெயர் தேய்ந்து வந்த வடிவம்.

'கார்ல் எங்கே, கொரோல் எங்கே' என்று உங்களுக்குச் சந்தேகம் எழுந்தால் நல்லது. சொற்பிறப்பு என்ற பெயரில் ஊரெங்கும் உலவும் சரக்கில் பெரும்பங்கு, இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதது. ஒப்பியல் மொழியியல் அதை ஆதாரமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அது கேட்கும் கேள்வி வேறு. இரண்டு மொழிகளுக்கு இடையில் தெரியும் வேறுபாடு, அதே அமைப்புள்ள எல்லாச் சொற்களிலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதா? ஒற்றுமை தற்செயலாக அமைந்துவிடும். ஒழுங்கான வேற்றுமை அப்படி அமையாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கருவியை வைத்துக்கொண்டு சில வீட்டுச் சொற்களைத் திறந்து பார்ப்பதுதான்.

ஸ்லாவிய மொழிகளில் ரஷ்யம், உக்ரைனியம், பெலாருஸியம் கிழக்குக் கிளை. போலிஷ், செக், ஸ்லோவாக் மேற்கு. செர்பியம், குரோவாசியம், ஸ்லோவேனியம், பல்கேரியம், மாசிடோனியம் தெற்கு. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் இவையெல்லாம் ஒரே மொழி. அந்த மூல ஸ்லாவியத்தில் எழுதப்பட்ட வரி ஒன்றுகூட இல்லை. சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் 863இல் மொராவியாவுக்கு மதப் பணிக்குப் போனபோதுதான் ஸ்லாவிய எழுத்தே தொடங்குகிறது. அதற்குமுன் நடந்ததையெல்லாம் பிற்காலச் சொற்களை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்போம். தலைக்கு ரஷ்யத்தில் 'கொலொவா', போலிஷில் 'க்லோவா', செக்கில் 'ஹ்லாவா', பல்கேரியத்தில் 'க்லாவா'. காகத்துக்கு 'வொரோனா', 'வ்ரோனா', 'வ்ரானா', மறுபடியும் 'வ்ரானா'. (உச்சரிப்பை விட்டுவிட்டு எழுத்தை ஒட்டித் தருகிறேன், ரஷ்யர் வாயில் அழுத்தமில்லாத ஒகரம் அகரம் போலவே ஒலிக்கும்.) ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான லித்துவேனியத்தில் இவை 'கல்வா', 'வார்னா'. மூல வடிவம் 'கோல்வா', 'வோர்னா' என்பதுபோல இருந்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது. ஒரு காலகட்டத்தில் ஸ்லாவிய மொழி பேசியவர்களுக்கு மெய்யில் முடியும் அசையே ஆகாமல் போயிற்று. 'கோல்' என்று அசையை மூட முடியாது. உயிரில்தான் முடிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரமும் தனக்குத் தோன்றியபடி இதைத் தீர்த்துக்கொண்டது. ரஷ்யர்கள் லகர ரகரத்துக்குப் பின்னால் இன்னொரு உயிரைச் செருகினார்கள். போலந்துக்காரர்கள் உயிரையும் மெய்யையும் இடம் மாற்றினார்கள். செக்கர்களும் தெற்கத்தியர்களும் இடம் மாற்றியதோடு உயிரை 'ஆ' ஆக்கினார்கள். நம் இலக்கணத்தில் தசை 'சதை' ஆவதையும் விசிறி 'சிவிறி' ஆவதையும் எழுத்து நிலைமாறுதல் என்பார்கள். தமிழில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நேர்ந்தது, அங்கே அந்த அமைப்புள்ள சொற்கள் அத்தனையையும் வரிசையாகப் பிடித்துக்கொண்டது.

கார்லை இப்போது இந்த ஆலைக்குள் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்லாவியத்தில் குறில் அகரம் ஒகரமாகும் என்பது இன்னொரு விதி. எனவே 'கோர்ல்'. ரஷ்யத்தில் உயிர் செருகினால் 'கொரோல்'. போலிஷில் இடம் மாறினால் 'க்ரோல்'. பின்னர் அந்த ஓகாரம் குறுகி உகரமாகி இன்றைய 'க்ருல்'. செக்கில் 'க்ரால்'. காகமும் தலையும் போன வழியிலேயே பேரரசரும் போயிருக்கிறார். அப்படியானால் இந்த ஒலிமாற்றம் முடிவதற்கு முன்பே அவர் பெயர் ஸ்லாவியருக்குள் நுழைந்துவிட்டது. கார்ல் 768இல் அரசரானார். எனவே மாற்றம் 8ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குப் பின்னரோதான் முடிந்திருக்க வேண்டும். கல்வெட்டில்லை, ஏடில்லை, ஒரு சொல்லின் உருவத்தை வைத்தே காலத்தைக் கணித்துவிட்டார்கள். ரஷ்யர்கள் பிற்காலத்தில் மேற்கத்திய வடிவத்தைக் கேட்டுத் தங்கள் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று ஐயப்படுவோரும் உண்டு. ஆனால் பாடப்புத்தகங்களில் இன்றும் நிற்கும் உதாரணம் கார்ல்தான். ரஷ்யர்கள் தங்கள் சொந்த ஆட்சியாளரை 'கொரோல்' என்று அழைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு முதலில் 'க்னியாஸ்', பிறகு ஜார். 'கொரோல்' எப்போதும் அடுத்த நாட்டு அரசன்.

ஸ்டாலின்கிராடில் ஒரு 'ஆ'

இதே விதி நமக்குப் பழக்கமான ஊர்ப் பெயர்களிலும் ஒளிந்திருக்கிறது. வேலி கட்டிய இடத்துக்கு மூல ஸ்லாவியத்தில் 'கோர்த்' என்பதுபோல ஒரு சொல். அது ரஷ்யத்தில் 'கொரொத்' ஆகி நகரத்தைக் குறிக்கிறது. நோவ்கொரோத் என்றால் புதுநகர். செர்பியத்தில் 'க்ராத்', பெல்கிரேடு என்றால் வெண்ணகர். செக்கில் 'ஹ்ராத்' என்பது கோட்டை. மூலச் சொல்லின் உறவுகள் வெகுதூரம் பரவியிருக்கின்றன: ஆங்கிலத்து 'யார்டு' இதன் உறவு, சம்ஸ்கிருத 'க்ருஹ' இதன் உறவு. புது வீட்டில் பால் காய்ச்சும் கிரகப்பிரவேசத்துக்கும் பெல்கிரேடுக்கும் வேர் ஒன்று.

ரஷ்யாவில் 'கொரொத்'தான் இயல்பான வடிவம் என்றால் லெனின்கிராடும் ஸ்டாலின்கிராடும் எங்கிருந்து வந்தன? அந்த 'ரா' தெற்கத்திய வடிவம். பழைய பல்கேரிய நிலத்தில் உருவான சர்ச் ஸ்லாவியம் ரஷ்யர்களுக்கு வழிபாட்டு மொழியாக வந்தது. அதனால் தெற்கத்திய வடிவங்களுக்கு ஒரு கம்பீரம் ஒட்டிக்கொண்டது. முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயரில் ஜெர்மன் வாடை அடிக்கிறதென்று அதைப் பெட்ரோகிராடு ஆக்கினார்கள். 1924இல் அது லெனின்கிராடு. அடுத்த ஆண்டு வோல்கா கரையில் ஸ்டாலின்கிராடு. கடவுளை மறுத்த அரசு, தன் தலைவர்களின் பெயர்களுக்குத் தேவாலய மொழியின் விகுதியைச் சூட்டியது. அது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

இரவல் ரொட்டி

ஸ்லாவியர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரொட்டி இல்லாமல் இருக்காது. விருந்தாளியை ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பது அவர்கள் மரபு. அந்த ரொட்டியின் பெயர் அவர்களுடையதல்ல. ரஷ்ய 'ஹ்லேப்', போலிஷ் 'ஹ்லெப்', செக் 'ஹ்லேப்' எல்லாம் பழைய ஜெர்மானியச் சொல்லான 'ஹ்லைபஸ்' என்பதிலிருந்து வந்தவை. ஆங்கிலத்து 'லோஃப்' அதன் இன்னொரு வாரிசு. 'லார்டு' என்ற பட்டம்கூட 'ரொட்டிக் காவலன்' என்ற பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல் நசுங்கியதுதான். கருங்கடலுக்கு வடக்கே 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஆதிக்கம் செலுத்திய கோத்தியர்களும் பிற ஜெர்மானியரும் ஸ்லாவியருக்குப் பல சொற்களைக் கொடுத்தார்கள். க்னியாஸ் அவர்கள் கொடுத்தது. ஆங்கிலத்தில் அது 'கிங்'. கொப்பரைக்கான 'கொதெல்', லத்தீனில் புறப்பட்டு அவர்கள் வழியே வந்தது. அதற்குமுன் ஸ்லாவியர் ரொட்டியே சுடாமல் இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. புளிக்க வைத்து உப்பலாகச் சுடும் புதுவகை ரொட்டி பெயரோடு வந்து, பழைய தட்டை ரொட்டியின் பெயரை ஓரங்கட்டியிருக்கலாம்.

குரோவாசியர்களும் ஸ்லோவேனியர்களும் மட்டும் 'க்ருஹ்' என்கிறார்கள். பிட்டெடுத்த துண்டு என்பது அதன் அடிப்பொருள். செர்பியருக்கு ரொட்டி 'ஹ்லெப்'. 1991இல் யூகோஸ்லாவியா உடைந்த பிறகு, பேக்கரியில் எந்தச் சொல்லால் ரொட்டி கேட்கிறோம் என்பதே நாம் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் விஷயமாயிற்று.

ரொட்டி வாங்கப்போகும் ரஷ்யருக்குச் செக் நாட்டில் வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. 'செர்ஸ்த்வி' ரொட்டி என்று அங்கே பெருமையாக விளம்பரம் செய்வார்கள். புத்தம்புதியது என்று பொருள். ரஷ்யத்தில் அதே சொல் காய்ந்து கல்லாகிப்போன ரொட்டியைக் குறிக்கும். மூலப்பொருள் 'கெட்டியானது, உறுதியானது'. உறுதியாயிருப்பது உடம்புக்கு நல்லது என்று செக்கர்கள் ஒரு பக்கம் போனார்கள். ரொட்டி உறுதியாயிருந்தால் பல் போகும் என்று ரஷ்யர்கள் மறுபக்கம் போனார்கள். ஒலிக்கு விதியுண்டு, பொருளுக்குக் கிடையாது. சொற்பிறப்பு ஆய்வில் சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் பொருளின் பக்கத்தில்தான்.

கோத்தியர் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒட்டகம். கிரேக்கத்தில் யானை 'எலெஃபாஸ்'. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் உல்ஃபிலா கோத்திய மொழியில் பெயர்த்த பைபிளில் 'உல்பந்துஸ்' என்ற சொல் வருகிறது. அது எலெஃபாஸின் திரிபு. ஆனால் குறிப்பது ஒட்டகத்தை. இரண்டையும் நேரில் பார்த்திராத மக்களிடம் தொலைதேசத்துப் பெரிய மிருகம் ஒன்றின் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை ஸ்லாவியர் வாங்கி, 'பெரிது' என்பதற்கும் 'அலைவது' என்பதற்கும் தங்களிடமிருந்த சொற்களின் சாயலில் வளைத்துக்கொண்டார்கள். அதுவே போலிஷ் 'வியெல்ப்வோந்த்', செக் 'வெல்ப்லௌத்', ரஷ்ய 'வெர்ப்லியூத்'. பாலைவனத்தில் நடக்கும் ஒட்டகத்தின் பெயருக்குள் ஒரு யானை அகப்பட்டுக் கிடக்கிறது.

சரி, யானைக்கு என்ன பெயர்? 'ஸ்லோன்'. துருக்கிய மொழிகளில் சிங்கத்தைக் குறிக்கும் 'அர்ஸ்லான்' திரிந்து வந்தது என்பது ஒரு கருத்து. சாய்வதைக் குறிக்கும் ஸ்லாவிய வினையோடு சேர்ப்பது இன்னொன்று. யானைக்கு முழங்கால் மடங்காது, மரத்தில் சாய்ந்துதான் தூங்கும் என்ற கதை இடைக்கால ஐரோப்பா முழுக்க உலவியது. கோயில் வாசலில் யானை மண்டியிட்டுப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பார்க்காத மிருகத்துக்குப் பெயர் வைப்பவர்கள் கதையைத்தானே நம்ப முடியும். சிங்கத்தின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இத்தகைய வழக்குகளின் இருதரப்பையும் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுவது மாக்ஸ் ஃபாஸ்மர் எழுதிய ரஷ்யச் சொற்பிறப்பு அகராதி. ஜெர்மன் குடும்பத்தில் 1886இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அகராதி வேலையை 1930களின் இறுதியில் நியூயார்க்கில் இருந்தபோது தொடங்கினார். 1944 ஜனவரியில் பெர்லின் மீது விழுந்த குண்டில் அவருடைய நூலகமும் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளும் எரிந்துபோயின. போர் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, 1950இலிருந்து 1958க்குள் மூன்று தொகுதிகளாக வெளிக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பின்னர் ஒலேக் துருபச்சோவ் ரஷ்யத்தில் பெயர்த்து, தன் குறிப்புகளையும் சேர்த்தார். அகராதியில் ஒவ்வொரு பதிவிலும் ஃபாஸ்மர் முந்தைய ஆய்வாளர்களின் கருத்தைச் சொல்லி, ஒப்பாதவற்றை ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போவார். அந்தக் கறார்தான் அந்த நூலின் சுவை.

பெயர் சொல்லக்கூடாத மிருகம்

கரடிக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பழைய பெயர் ஒன்று இருந்தது. சம்ஸ்கிருதத்தில் அது 'ருக்ஷ', கிரேக்கத்தில் 'அர்க்தோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்'. ஸ்லாவியத்தில் அது காணவில்லை. காட்டில் அதன் பெயரைச் சொன்னால் எதிரே வந்து நிற்கும் என்ற அச்சத்தில் பெயரைச் சொல்லாமலே விட்டு, கடைசியில் மறந்தே போனார்கள். பதிலுக்குப் புகுந்ததுதான் ரஷ்ய 'மெத்வேத்'. இதில் முதற்பாதி தேன். நமக்கு வடமொழி வழியே வந்த 'மது' அதன் உடன்பிறப்பு. பிற்பாதி உண்பதைக் குறிக்கும் 'ஏத்'. தேனுண்ணி.

இங்கே ஒரு போட்டி விளக்கம் உண்டு. 'மெத்' தேன், 'வேத்' அறிவது. ஆகவே தேன் இருக்குமிடம் அறிந்தவன். ரஷ்யர்களைக் கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள். 'வேத்' என்ற வேரும் உண்மையானது. நம் 'வேதம்' அதன் உறவு. கேட்க அழகாக இருந்தாலும் பிரிக்கும் இடம் தப்பு. நடுவிலுள்ள வகரம் தேனுக்குச் சொந்தம். 'மெது' என்ற பழைய சொல்லின் ஈற்று உகரம், உயிருக்கு முன்னால் வகரமாகத் திரிந்திருக்கிறது. மனு, அந்தரம் இரண்டும் சேர்ந்து 'மன்வந்தரம்' ஆகும் அதே புணர்ச்சி. ரிக்வேதத்தில் தேனுண்ணும் பறவைகளுக்கு 'மத்வத்' என்ற அடைமொழி வருகிறது. உறுப்புக்கு உறுப்பு மெத்வேதுக்கு நிகரான கூட்டுச்சொல். ஒரு மொழியில் பறவை, இன்னொன்றில் கரடி.

மாற்றுப் பெயரே நாளடைவில் மெய்ப்பெயராகி, அதையும் சொல்லப் பயம் வந்ததோ என்னவோ, சில இடங்களில் அதையும் குலைத்திருக்கிறார்கள். உக்ரைனியத்தில் பாதிகள் இடம் மாறி 'வெத்மித்'. போலிஷில் மகரம் நகரமாகி 'நியெத்ஸ்வியெத்ஸ்'. பல்கேரியர்கள் அதையும் விட்டுவிட்டு, செல்லப்பெயர் போன்ற 'மெச்கா'வுக்குப் போய்விட்டார்கள்.

சமையலறைக்கு வந்த வழிகள்

உடன்பிறந்த சொல்லையும் இரவல் சொல்லையும் பிரித்தறிய ஒலிவிதி உதவுவதுபோல, ஒரே இரவல் எந்தச் சாலை வழியே வந்தது என்று கண்டுபிடிக்கவும் அதே விதி உதவும். சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். சம்ஸ்கிருத 'சர்க்கரா'வுக்கு முதற்பொருள் மணல், சரளை. ரஷ்யர் 'ஸாகர்' என்கிறார்கள், பல்கேரியர் 'ஸகர்'. இவை கிரேக்க வழி. போலிஷ் 'த்ஸுக்கியெர்', செக் 'த்ஸுக்ர்' இரண்டும் ஜெர்மன் வழி; ஜெர்மனுக்கு இத்தாலியமும் இத்தாலியத்துக்கு அரபும் கொடுத்தன. உக்ரைனிய 'த்ஸுகோர்' போலிஷைப் பின்பற்றியது. செர்பிய 'ஷெச்செர்' துருக்கிய 'ஷெகெர்' வழியே வந்தது, அது பாரசீகத்திலிருந்து. பைசாந்தியம், வெனிஸ், இஸ்தான்புல்: மூன்று சந்தைகளின் எல்லை எது எதுவரை நீண்டிருந்தது என்பதை, ஒரு தேக்கரண்டி சர்க்கரைக்கு இன்று என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதை வைத்தே ஏறக்குறைய வரைந்துவிடலாம்.

இஞ்சியின் பயணம் இன்னும் நீளம். இதற்கு மூலம் திராவிடம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு: இஞ்சி, வேர் என்ற இரண்டு சொற்களின் கூட்டு, பாலி மொழியில் 'சிங்கிவேர'வாகி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' ஆயிற்று. அங்கிருந்து லத்தீன், அங்கிருந்து ஜெர்மன், கடைசியில் போலிஷிலும் ரஷ்யத்திலும் 'இம்பிர்'. செர்பியத்தில் 'ஜும்பிர்'. மாஸ்கோ தேநீர்க் கடையில் இம்பிர் கேட்பவர், அந்த 'பிர்' என்ற ஈற்றில் தமிழ் 'வேர்' ஒன்றைத் தொட்டுக்கொண்டு போகிறார். அரிசிக்கும் இதுபோல ஒரு பெருமை நம்மிடையே சொல்லப்படுவதுண்டு. ஆனால் கிரேக்க 'ஒரூஸா' தமிழ் 'அரிசி'யிலிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. இஞ்சியின் தைரியத்தில் அரிசியையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

தேநீர், தரைவழி வந்த இடங்களில் 'சாய்'. ரஷ்யர், செக்கர், செர்பியர் எல்லோருக்கும் அதுதான். போலந்துக்காரர்களோ 'ஹெர்பாத்தா' என்கிறார்கள். மூலிகையைக் குறிக்கும் லத்தீன் 'ஹெர்பா'வோடு, கடல்வழி வந்த 'தே' ஒட்டிய சொல். ஆனால் ஹெர்பாத்தாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி அங்கே 'சைனிக்'. கெண்டி மட்டும் ரஷ்யாவிலிருந்து வந்துவிட்டது.

மேற்கண்டவையெல்லாம் ஒரு சொல் பல வழியில் வந்தவை. உருளைக்கிழங்கு நேரெதிர்: ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர். காரணம் எளிது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தபோது ஸ்லாவிய மொழிகள் தனித்தனியாகப் பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவரவர் அவரவர்க்குத் தோன்றியபடி பெயர் வைத்தார்கள். ரஷ்யர் ஜெர்மன் 'கர்டோஃபெல்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, வீட்டில் 'கர்தோஷ்கா' என்று கொஞ்சுகிறார்கள். அந்த ஜெர்மன் சொல்லே, மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானின் இத்தாலியப் பெயர். போலிஷில் 'ஜியெம்னியாக்', மண்ணுக்குரியது. செர்பிய 'க்ரொம்பிர்', தெற்கு ஜெர்மனியின் பேச்சுவழக்கில் 'நிலப் பேரிக்காய்' என்றிருந்ததன் சிதைவு. செக்கர்களுக்குக் கிழங்கு பிராண்டன்பர்க்கிலிருந்து வந்தது. அந்த ஊரின் செக் பெயர் 'பிரனிபோர்'. கிழங்கு 'பிரம்போர்' ஆகிவிட்டது. போலந்தின் போஸ்னான் வட்டாரத்தில் இதை 'பிரா' என்கிறார்கள். பெரு நாட்டின் பெயரிலிருந்து வந்ததென்பது வழக்கமான விளக்கம். அது சரியென்றால், கிழங்கு உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

கொடுத்ததும் உண்டு. மிளகுக்கான 'பபர்' என்ற தெற்கு ஸ்லாவியச் சொல்லிலிருந்து, மிளகாய் வந்தபோது 'பப்ரிகா' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதை ஹங்கேரியர்கள் உலகத்துக்கே பரப்பிவிட்டார்கள்.

இலை உதிரும் மாதம் எது?

ரஷ்யர், செர்பியர், பல்கேரியர் மாதங்களுக்கு லத்தீன் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். உக்ரைனியர், போலந்துக்காரர், செக்கர், குரோவாசியர் ஆகியோரிடம் பழைய வயல்வெளிப் பெயர்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. போலந்தில் பிப்ரவரி 'லுத்தி', கொடியது. டிசம்பர் 'க்ருத்ஸியென்', உறைந்து கட்டிதட்டிய மண்ணின் மாதம். ஜூன் மாதம் 'செர்வியெத்ஸ்': சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சியை ஒரு செடியின் வேரிலிருந்து சேகரிக்கும் காலம். 'செர்வ்' என்றால் புழு. அதிலிருந்தே சிவப்பு நிறத்துக்குப் போலிஷில் 'செர்வோனி', செக்கில் 'செர்வெனி'. சம்ஸ்கிருதக் 'கிருமி' இந்தப் புழுவுக்கு உறவு. மகரம் எப்படி வகரமாயிற்று என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி இருக்கிறது.

ஸ்லாவிய நிலம் வடக்கு தெற்காக நீண்டிருப்பதால் பெயர்கள் ஒரு மாதம் முன்பின்னாக நகர்ந்திருக்கின்றன என்பார்கள். அரிவாள் மாதம் போலந்திலும் உக்ரைனிலும் ஆகஸ்ட், குரோவாசியாவில் ஜூலை. தெற்கே வெயில் அதிகம், கதிர் முன்னதாக முற்றும், பொருந்துகிறது. ஆனால் 'லிஸ்தோபாத்', அதாவது இலையுதிர்வு, போலந்தில் நவம்பர், குரோவாசியாவில் அக்டோபர். வெப்பமான தெற்கில் இலை முன்னதாக உதிருமா? தட்பவெப்பத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. இந்தப் பெயர்கள் முன்பு தேதி குறித்த மாதங்களாக இருக்கவில்லை, பருவங்களாக இருந்தன. அச்சிட்ட நாட்காட்டி வந்து இழுத்துக் கட்டியபோது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வோர் இடத்தில் கட்டுண்டன என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாரநாட்களிலும் இப்படியொரு முரண் உண்டு. ஞாயிறு 'நெதேல்யா', வேலை செய்யாத நாள். திங்கள் அதற்கு அடுத்த நாள். செவ்வாய் 'இரண்டாவது', வியாழன் 'நான்காவது', வெள்ளி 'ஐந்தாவது'. எண்ணிக்கை திங்களில் தொடங்குகிறது. ஆனால் புதன் 'ஸ்ரெதா', நடு. திங்களில் தொடங்கினால் நடுநாள் வியாழன். ஞாயிற்றில் தொடங்கினால்தான் புதன். ஜெர்மானியரும் புதனை வாரத்தின் நடு என்றே சொன்னார்கள், அந்தச் சொல்லை ஸ்லாவியர் பெயர்த்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு வெவ்வேறு வாரங்கள் ஒரே பட்டியலில் தைக்கப்பட்டு ஆயிரம் ஆண்டாக அப்படியே கிடக்கின்றன. ரஷ்யர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 'நெதேல்யா'வை வாரம் முழுவதற்கும் பெயராக்கிவிட்டார்கள். ஞாயிறு அவர்களுக்கு 'உயிர்த்தெழுதல்'.

வாயில் தூரிகை

உடலுறுப்புகளின் பெயர்கள் எளிதில் மாறா என்பது மொழியியலில் ஒரு பொதுவிதி. ரஷ்யர்கள் அதை மீறியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஸ்லாவியச் சொல் 'ஓகோ'; மற்ற மொழிகளில் இன்றும் அதுதான். ரஷ்யத்தில் மட்டும் 'க்லாஸ்'. 1114ஆம் ஆண்டுக்குரிய ரஷ்ய நாளாகமப் பதிவில், லாதோகா ஊரில் புயலுக்குப்பின் சிறுவர்கள் பொறுக்கிய கண்ணாடி மணிகளுக்கு இந்தச் சொல் வருகிறது. போலிஷில் 'க்லாஸ்' பாறாங்கல். யாரோ விளையாட்டாகக் கண்ணைக் கோலிக்குண்டு என்று சொல்ல ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. பழைய ஓகோ மூக்குக் கண்ணாடிக்கான 'ஒச்கி'யிலும், ஜன்னலுக்கான 'ஒக்னோ'விலும் பிழைத்திருக்கிறது.

இறுதியாக ஒரு சொல், இன்று தமிழ்ச் சிறுவர்களும் தினம் சொல்வது. கார்லின் பெயரைக் கலைத்துப்போட்ட ஒலிமாற்றம் சொல்லின் முதலிலும் நிகழ்ந்தது. ஆதரவற்றவரைக் குறிக்கும் மிகப்பழைய வேர் ஒன்று, மூல ஸ்லாவியத்தில் 'ஓர்ப்' என்றிருந்தது. கிரேக்கத்தில் அது அநாதை, சம்ஸ்கிருதத்தில் 'அர்ப', சிறுபிள்ளை. ஆதரவற்றவன் அடிமையானான்; அடிமை செய்வது வேலையாயிற்று. ஜெர்மனில் வேலை 'அர்பைட்'. ஸ்லாவியத்தில் ரகரம் முன்னால் தாவி, தெற்கே 'ரப்', வடக்கே 'ரொப்'. ரஷ்யர் அடிமையை 'ராப்' என்பது அந்தத் தெற்கத்திய, தேவாலய வடிவம். வேலைக்கு அவர்கள் 'ரபோத்தா' என்றும், உக்ரைனியர் 'ரொபோத்தா' என்றும் சொல்கிறார்கள். செக்கில் அன்றாட வேலைக்கு வேறு சொல் வந்துவிட்டது. 'ரொபோத்தா' அங்கே நிலப்பிரபுவுக்குக் குடியானவன் செய்த கட்டாய உழைப்பு; நம் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று சொல்லும் கூலியில்லா வேலை.

1920இல் காரல் சாபெக் ஒரு நாடகம் எழுதினார். தொழிற்சாலையில் செயற்கை மனிதர்களைத் தயாரித்து வேலை வாங்குவது கதை. அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? லத்தீனிலிருந்து 'லபோரி' என்று ஒன்று தோன்றியது, ஆனால் புத்தக வாசம் அடித்தது. தம் அண்ணன் யோசெஃபிடம் போய்க் கேட்டதாக அவரே பின்னாளில் 1933இல் ஒரு செய்தித்தாளில் எழுதினார். ஓவியரான யோசெஃப் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு படம் தீட்டிக்கொண்டிருந்தாராம். திரும்பிக்கூடப் பார்க்காமல், அப்படியானால் ரோபோட் என்று வைத்துவிடு என்று முனகினாராம். நாடகம் 1921 ஜனவரியில் பிராக் தேசிய அரங்கில் ஏறியது. ஹாப்ஸ்பர்க் பேரரசில் 'ரொபோத்தா' ஒழிக்கப்பட்டது 1848இல். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லத் தேவையிருக்கவில்லை. பலருடைய பாட்டன்மார் செய்த வேலை அது.